பிரேக் அக்கா எழுத வந்த கதை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளுக்கு பிரேக் அக்கா என்ற பெயர் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் தலைகால் புரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மின்கம்பத்தை நோக்கிப் போகும்போது, அக்கா சத்தம் போடாமல் அதை அழுத்துவார். வண்டி நின்றதும், "பரவாயில்லை, கம்பம் எங்கயும் போயிடாது, நாம சுத்திப் போவோம்" என்பார். இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் வேலை. கால் பழகிவிட்டது. பஸ்ஸில் போகும்போதுகூட, வளைவு வந்தால் முன் சீட்டின் அடிப்பலகையை மிதிப்பார். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்.

காரில் அவருக்குப் பேச்சு குறைவு. திருப்பு, நிறுத்து, நிதானம், அவ்வளவுதான். வாரம் முழுவதும் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையிடம் கொட்டுவார். தங்கை நாலு மணி நேரப் பயணத் தொலைவில், வேறொரு ஊரில், சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா காய் நறுக்குவார். அந்த வாரம் யார் வேலியில் இடித்தார், யார் வைப்பரைப் போட்டுவிட்டு மழை வந்துவிட்டது என்று பயந்தார் என்று கதை ஓடும். மறுமுனையில் தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் வேண்டுமென்றே சமையலறைப் பக்கம் வந்து எதையாவது தேடுவார். தேடும் பொருள் கதை முடிந்ததும்தான் கிடைக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு தடை வந்தது. பதினெட்டு வருடங்களாக முப்பது குழந்தைகளின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தங்கையின் தொண்டை புண்ணாகியிருந்தது. குரல்நாணில் சின்னதாக ஒரு கட்டி. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று பரிசோதனையில் தெரிந்ததும் எல்லோருக்கும் போன உயிர் திரும்பியது. ஆனால் ஆறு வாரம் பேசவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிசுகிசுப்பதும் கூடாதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அக்கா ஃபோன் செய்தார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று பேசிவைத்துக்கொண்டார்கள். தங்கை ஒரு ஸ்பூனால் ஃபோனைத் தட்டினாள். அக்கா ஐந்து நிமிடம் கதை சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் டொக் என்று ஒரு தட்டு வந்தது.

"போடி, உன்கிட்ட சொல்றதும் சுவத்துக்கிட்ட சொல்றதும் ஒண்ணு" என்று அக்கா ஃபோனை வைத்தார். வைத்த பிறகுதான் தங்கையால் பதிலுக்கு ஒரு திட்டுகூடத் திட்ட முடியாது என்று உறைத்தது. மனசு கேட்கவில்லை. ஃபோனில் கட்டைவிரலால் எழுதினால் அவருக்கு வரிக்கு நாலு பிழை வரும். எனவே ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு, ஃபோனில் சொல்ல நினைத்ததை அப்படியே எழுதினார்.

"இந்த வாரம் ஒரு பல் டாக்டர் சேர்ந்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. இத்தனை நாள் மனைவி ஓட்டினாராம், இப்போது அந்த அம்மாவுக்கு முட்டிவலியாம். சீட்டில் உட்கார்ந்ததும், 'முதல்ல கண்ணாடியைச் சரிபண்ணிக்குங்க டாக்டர்' என்றேன். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊதி, துடைத்து, போட்டுக்கொண்டு, 'ஆச்சு மேடம், போலாமா?' என்றார். நான் சிரிக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்."

எழுத உட்கார்ந்தபோது அரைப் பக்கம் வரும் என்றுதான் நினைத்தார். மூன்று பக்கம் வந்தது. தபாலில் போட்ட நாலாம் நாள் தங்கையிடமிருந்து ஃபோனில் ஒரு வரி: "தையல் பிரிஞ்சா நீதான் பொறுப்பு. அப்புறம் என்ன ஆச்சு?"

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளை அக்கா அன்று பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். ஆறு வாரத்தில் பதினொரு கடிதங்கள் போயின.

பிறகு தங்கை பேசத் தொடங்கினாள். குரல் முன்பைவிடக் கனத்து, வேறு யாரோ போல இருந்தது. ஆனாலும் பேசினாள். ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி வந்துவிட்டன. கடிதத்துக்கு வேலை இல்லை. அக்காவுக்கு மட்டும் ஏதோ குறைந்தது போல இருந்தது. கதைகள் என்னவோ ஃபோனில் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் சொன்ன கதை காற்றோடு போய்விடுகிறது. எழுதும்போது அந்த டாக்டர் கண்ணாடியை ஊதிய ஊதலைக்கூட நிறுத்திப் பார்க்க முடிந்ததே.

"உனக்கு எழுதப் பிடிச்சிருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தறே" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் கடையிலிருந்து வரும்போது கெட்டி அட்டை போட்ட, வழுவழுப்பான தாள் வைத்த ஒரு பெரிய நோட்டு வாங்கிவந்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. நோட்டு அவ்வளவு அழகு. அதில் எழுத வேண்டுமென்றால் அதற்குத் தகுந்த மாதிரி எழுத வேண்டாமா? அக்கா தலைவாரிக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்தார். "இன்று வெயில் அதிகம்" என்று எழுதினார். இது என்ன, வானிலை அறிக்கையா என்று அடித்தார். "கதிரவன் தன் பொற்கரங்களால் பூமியைத் தழுவிய வேளையில்" என்று எழுதினார். தானே சத்தமாகப் படித்துப் பார்த்தார். இப்படிப் பேசுகிற ஒருத்தரை அவர் தன் காரில் ஏற்றியதே கிடையாது. அதையும் அடித்தார். தங்கை இல்லாமல், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க ஆள் இல்லாமல், யாருக்கு எழுதுவது, எங்கே தொடங்குவது, ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வாரத்தில் நோட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் போய்விட்டது.

பல் டாக்டருக்கு இதற்குள் பதினைந்து வகுப்புகள் முடிந்திருந்தன. நேர்ச்சாலையில் சுமாராக ஓட்டுவார். ரவுண்டானா வந்தால் நாலு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு நாள் மாலை வகுப்பின் நடுவே மழை பிடித்துக்கொண்டது. கண்ணுக்கு முன்னால் சாலை தெரியவில்லை. "ஓரமா நிறுத்துங்க டாக்டர், விட்டதும் போவோம்" என்றார் அக்கா. வண்டி நின்றது. கண்ணாடிகளில் நீர் வழிந்தது. சும்மா உட்கார்ந்திருக்க இருவருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது.

"நீங்க ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று டாக்டர் பேச்சுக்குக் கேட்டார்.

மழைச் சத்தத்தில் சொன்னால் சொன்னதுபோலவே இருக்காது என்று தோன்றியதோ என்னவோ, அக்கா நடந்ததைச் சொல்லிவிட்டார். கடிதம், நோட்டு, கதிரவன், எல்லாம். டாக்டர் சிரிக்காமல் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"என்கிட்ட வாய் முழுக்கப் பிரச்சினையோட வருவாங்க மேடம். பத்துப் பல்லு போயிருக்கும். அத்தனையும் சொன்னா நாற்காலியிலேருந்து எந்திரிச்சு ஓடிடுவாங்க. அதனால, 'இன்னைக்கு இந்த ஒரு பல்லை மட்டும் பாத்துடலாம்'னு சொல்லுவேன். மத்ததைப் பத்தி மூச்சே விடமாட்டேன். அடுத்த வாரம் தானா வருவாங்க."

"ஒரு பல்லு மட்டும்."

"ஒண்ணே ஒண்ணு. நீங்க வாயை மொத்தமா எழுதணும்னு நினைக்கறீங்க போல."

அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்தார். பிறகு, "இவ்வளவு தெரிஞ்சவர், ரவுண்டானாவுல மட்டும் ஏன் டாக்டர் நாலு ரோட்டையும் ஒரே பார்வையில பாக்கணும்னு தவிக்கறீங்க? உங்களுக்கு வர்ற ஒரு வண்டியைப் பாருங்க போதும்" என்றார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மழை விட்டதும் டாக்டர் ரவுண்டானாவை இரண்டு தடவை சுற்றினார். அக்காவின் கால் பிரேக்கைத் தேடவில்லை.

மறுநாள் அடுத்த ஆள் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. காரின் முன்பெட்டியில் முடிந்துபோன வகுப்பு அட்டைகள் கிடந்தன. ஒருபக்கம் தேதி, நேரம், கையெழுத்து. மறுபக்கம் வெறுமை. உள்ளங்கை அளவுதான். இதில் கதிரவனுக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டு, காலையில் வந்த வங்கி ஊழியப் பெண்ணைப் பற்றி எழுதினார். அவளைப் பற்றி எல்லாம் இல்லை. பின்பக்கமாக வண்டியை எடுக்கும்போது குப்பைத்தொட்டியில் லேசாக உரசிவிட்டு, கண்ணாடியை இறக்கி, தொட்டியிடம் "சாரி" என்று சொன்னாளே, அது மட்டும். அட்டை நிறைந்துவிட்டது. ஆள் வந்துவிட்டார்.

அன்றிலிருந்து வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு அட்டை. எல்லாம் நன்றாக வந்தது என்று சொல்ல முடியாது. "யாரும் எதுவும் சொல்லவில்லை. ரவுண்டானாவில் நாய் தூங்கியது. வந்த நாலு பேரும் சுற்றிக்கொண்டு போனார்கள்" என்று ஒரு நாள் எழுதிவிட்டு, இதெல்லாம் ஒரு எழுத்தா என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் கிழிக்கவில்லை. ஒரு பல்தானே, ஆடினாலும் இருந்துவிட்டுப் போகட்டும். கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. எழுத என்ன கிடைக்கும் என்று தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது ஓரக்கண்ணால் கியரைப் பிடிக்கும் விரல்களைப் பார்த்தார். பயந்தவர்கள் அதைக் கதவுக் கைப்பிடி மாதிரி இறுக்கிப் பிடிக்கிறார்கள். பழகியவர்கள் குழந்தையின் தலையில் கை வைப்பதுபோல வைக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமும் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது.

அப்போது மாணவர் விடுதியில் சமையல் செய்யும் ஒரு பெண்மணி கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தாள். விடுதி வேனைத் தானே ஓட்டிப்போய்ச் சாமான் வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றிப் பின்சீட்டின் அடியில் வைத்துவிடுவாள். "செருப்போட மிதிச்சா பெடல் எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியலக்கா" என்பாள். அவளைப் பற்றி மட்டும் நாலு அட்டைகள் சேர்ந்துவிட்டன. நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, இரண்டு பக்கத்துக்கு ஒரு கதைபோல இருந்தது. ஓட்டுநர் தேர்வு நடக்கும் மைதானத்துக்கு எதிரே உள்ள நூலகத்தில், வாசகர்கள் எழுதுவதை மாதம் ஒருமுறை பெரிய பலகையில் ஒட்டுவார்கள். அக்கா அதைப் பல நாள் நின்று படித்திருக்கிறார். கொடுத்துப் பார்த்தால் என்ன?

முதலில் சமையல்காரப் பெண்ணிடம் கேட்டார். "உன்னைப் பத்தி எழுதிக்கட்டுமா?"

"நல்லபடியா எழுதுவீங்களா, கிண்டலாவா?"

"நடந்தபடி."

அவள் யோசித்தாள். "சரி. ஆனா செருப்பை ஜோடியா நேரா வச்சேன்னு எழுதுங்க. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு கழட்டிப் போட்டேன்னு எழுதிடாதீங்க."

அப்படியே எழுதி, நல்ல தாளில் படி எடுத்து, நூலகத்தில் கொடுத்தார். பலகைக்கு வருவதையெல்லாம் பார்ப்பவர் ஒரு பெரியவர். அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவர். ஒரு வாரம் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. ஓரத்தில் மூன்று குறிப்புகள்: பேச்சு நடை. கருத்து என்ன? முடிவு இல்லை.

அக்கா அதை மடித்து, மறுபடி மடித்து, கைப்பையின் அடியில் திணித்தார். முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் கேட்டதற்கு, "அதெல்லாம் எழுதறவங்க வேலை. எனக்கு பிரேக் போடத் தெரிஞ்சா போதும்" என்றார். அடுத்த மூன்று வாரம் ஒரு அட்டைகூட எழுதவில்லை. வகுப்புகளுக்கு நடுவில் கை சும்மா இருக்கவில்லை என்பதால் துணியை எடுத்துக் காரைத் துடைத்தார். டேஷ்போர்டு, கதவு, ஸ்டியரிங்கின் இடுக்கு, எதையும் விடவில்லை.

"வண்டி என்ன இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்றார் வீட்டுக்காரர் ஒரு நாள். "எழுதறதை விட்டுட்டியா?"

அக்கா காதில் விழாததுபோல உள்ளே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அவர் கதை எதுவும் சொல்லவில்லை. தங்கை இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, "சரி, நான் ஒண்ணு படிக்கறேன், கேளு" என்றாள்.

அந்தக் கனத்த குரலில் அவள் வாசிக்கத் தொடங்கினாள். பல் டாக்டர் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார். அக்காவின் கையில் கத்தியும் பாதி நறுக்கிய காரட்டும் அப்படியே நின்றன.

"ஏய், இதை ஏன்டி இப்பப் படிக்கறே?"

"இப்ப மட்டும் இல்ல. தினமும் ரெண்டு வேளை படிக்கறேன். குரலுக்குப் பயிற்சி குடுக்கற அம்மா, பத்து நிமிஷம் சத்தமாப் படிக்கணும்னு சொல்லியிருக்காங்க. பாடப் புஸ்தகம் படிச்சா எனக்கே தூக்கம் வருது. அதான் உன் லெட்டர். போன வாரம் அவங்க முன்னாடி படிச்சேன். மணி பாக்க மறந்துட்டாங்கக்கா. முடிச்சதும், 'அந்த டாக்டர் டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டாரா?'ன்னு கேக்கறாங்க."

அக்கா பாதிக் காரட்டைப் பலகையில் வைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் தங்கை. "நாலாவது லெட்டர்ல, லாரிக்குப் பின்னாடி நீயும் டாக்டரும் மாட்டினீங்களே, அந்த இடத்துல ஒரு வரி ரொம்ப நீளம். எனக்கு ஒவ்வொரு தடவையும் அங்க மூச்சு வாங்குது. நடுவுல எங்கயாவது உடைச்சிருக்கலாம்."

"எங்க? எந்த வரி?" அக்கா கத்தியை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார்.

அன்று பிற்பகல் அவர் வீட்டு வாசலில் நின்ற காரில் போய் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கைப்பையின் அடியிலிருந்து அந்தச் சிவப்பு மைத் தாள்களை எடுத்தார். சத்தமாகப் படித்தார். பக்கத்து வீட்டுக்காரி காரைத் தாண்டிப் போகும்போது குனிந்து பார்த்தாள். அக்கா கையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மூச்சு முட்டிய இரண்டு இடங்களில் வரியை உடைத்தார். பிறகு குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேச்சு நடை. ஆமாம், அந்தச் சமையல்காரப் பெண் அப்படித்தானே பேசினாள். கருத்து என்ன? அது அவருக்கே தெரியாது. முடிவு இல்லை. இந்த இடத்தில் அக்கா நெடுநேரம் நின்றார். பெரியவர் சொன்னது சரி. நாலாவது அட்டையில் இடம் தீர்ந்துபோனது, அதனால் கதையும் நின்றுவிட்டது. நடந்ததோ அங்கே நிற்கவில்லை. ரவுண்டானாவில் வண்டி அணைந்துபோய், பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தபோது அந்தப் பெண் செய்த காரியத்தை எழுதாமல் விட்டிருந்தார். அதை எழுதினார்.

புதன்கிழமை நூலகத்துக்கு நேரிலேயே போனார்.  பெரியவர் ஜன்னலோரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, முடிவு இல்லைன்னு எழுதியிருந்தீங்க. சரிதான். சேர்த்திருக்கேன். ஆனா பேச்சு நடையை மாத்தலை. மாத்தினா அது அவங்க இல்ல, வேற யாரோ ஆயிடறாங்க."

பெரியவர் தாளை வாங்கினார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே படித்தார். கடைசிப் பக்கத்தில், சமையல்காரப் பெண் வெறுங்காலோடு காரிலிருந்து இறங்கி, ஹாரன் அடித்தவனின் ஜன்னலருகே போய், "கத்துக்கறேன் தம்பி. நீ பொறந்தப்பவே ஓட்டிக்கிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும் இடம் வந்தது. பெரியவரின் தோள் குலுங்கியது. கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படிச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்ப இருக்கட்டும்மா. ஆனா ஒற்று ரெண்டு இடத்துல விட்டிருக்கீங்க. அதை மட்டும் நான் விடமாட்டேன்." இரண்டு இடத்தில் புள்ளி வைத்த எழுத்தைச் சேர்த்துவிட்டுப் பேனாவை மூடினார். கருத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அக்காவும் நினைவூட்டவில்லை.

அந்த மாதம் பலகையில் அது ஒட்டப்பட்டது. சமையல்காரப் பெண் விடுதியில் தன்னோடு வேலை செய்யும் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்று படிக்கவைத்தாள். "பாத்தீங்களா, ஜோடியா நேரா வச்சேன்னு போட்டிருக்கு" என்று அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். பல் டாக்டர் மூன்றாவது முயற்சியில் தேர்வில் தேறினார். அந்தச் சேதியை அக்கா முதலில் தங்கைக்கும், தங்கை தன் குரல் பயிற்சியாளருக்கும் சொன்னார்கள்.

இரண்டாவதாகக் கொடுத்ததைப் பெரியவர் வேண்டாம் என்றார். அக்காவுக்கு வருத்தம் ஒரு நாள் இருந்தது. மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் அதைக் காரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துப் பார்த்தார். தனக்கும் கொட்டாவி வந்ததால் விட்டுவிட்டார். மூன்றாவது ஒட்டப்பட்டது. நாலாவதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அது தனக்கு மட்டும். ரவுண்டானாவில் தூங்கிய நாயைப் பற்றியது.

இப்போது அட்டைகள் ரப்பர் பேண்டு போட்ட மூன்று கட்டுகளாகிவிட்டன. எழுத்து சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் கண்ணில் படுகிற ஒன்றைப் பார்த்து ஒரு வரியாவது போட்டுவைப்பார். கார் மட்டும் பழையபடி தூசியாக இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை புதிதாகச் சேர்ந்த ஒருத்தி சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அக்கா யாரையும் வெளியே நிற்கவைத்ததில்லை. தட்டியவுடன் கதவைத் திறந்துவிடுவார். அன்று அட்டையிலிருந்து தலையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். அந்தப் பெண் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வெயிலில் காத்து நின்றாள். அக்கா வரியை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, உதடு அசையாமல் ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, "வாங்க, வாங்க. சாவி இந்தாங்க" என்றார்.